பொருளாளர் அறிக்கை

கூட்டத்துக்கு வந்த பதினெட்டுப் பேருக்கும் வணக்கம்.
கதிரை பதினொன்றுதான்; மின்விசிறி ஒன்று.
தவயோகன், அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தும்.
துறைமுக லொறிகள் போகிற சத்தத்தில்
என் இலக்கங்கள் எனக்கே கேட்கவில்லை.

இந்த முறை கிண்ணத்தில்
முகத்துவாரம் விடிவெள்ளி அரையிறுதி வரை போனது.
அதுவரைக்கும் ஒரு கோலும் அடிக்கவில்லை.
இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.
கணக்காய்வாளர் சிரித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

முதல் சுற்று. இரத்தினபுரிக்காரர் வரவில்லை,
அவிசாவளையில் மண் சரிந்து பாதை மூடியிருந்தது.
நம் பதினொரு பேரும் சப்பாத்துக் கயிறு இறுக்கி
நடுக்கோட்டில் நின்றார்கள்.
மத்தியஸ்தர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து
பதினைந்தாம் நிமிடம்
காகங்களுக்கு விசில் ஊதிவிட்டு
நாம் வென்றதாக எழுதினார்.
ஐஸ் கட்டி அறுநூறு ரூபா. உருகிவிட்டது.
அதுவும் செலவுதான்.

இரண்டாம் சுற்று முழுக்கச் சேறு.
பந்து எல்லோர் சட்டையையும் தொட்டது,
வலையைத் தொடவில்லை.
பிறகு தண்டனை உதை.
மிஸ்பாக் இரண்டைத் தடுத்தார், இரண்டாவதை மூக்கால்.
எக்ஸ்ரே பற்றுச்சீட்டு இணைப்பில் இருக்கிறது.
அன்றைக்கு நாம் உள்ளே போட்ட நாலும்
கோல் கணக்கில் சேராதாம், செயலாளர் சொல்கிறார்.
நான் நாலாம் குறுக்குத் தெருவில்
பருப்பு மொத்தக் கடைக்குக் கணக்கெழுதுகிறவன்.
சேராத கணக்கு எனக்குப் புதிதில்லை.

மூன்றாம் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கியபோது
பிஸ்கட் ரின்னுக்குள் நமக்கு எதிரியே இல்லை.
சும்மா இருந்து வென்றோம்.
செலவு: பிளேன்ரீ.

காலிறுதி.
இதை எழுதத்தான் மூன்று இரவு எடுத்தது.
மருதானைக்காரரிடம் இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றோம்.
இரண்டையும் அடித்தது அவர்களுடைய ஒன்பதாம் இலக்கம்.
முதலாவதுக்கு நானே கை தட்டிவிட்டேன்,
பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள்.
மறுநாள் தெரிந்தது,
பெடியன் இரண்டு கழகத்துக்குக் கையெழுத்து வைத்தவன் என்று.
ஆட்சேபனைக் கட்டணம் ஐயாயிரம்.
பெட்டியில் இருக்கவில்லை.
என் சம்பள முற்பணத்தில் கட்டினேன்.
கடிதத்தின் கீழே இருக்கிற கையெழுத்தும்
என்னுடையது.

விசாரணை அறையில் பெயர் கேட்டார்கள்.
ஜெறோன்சன். மன்னார்.
பேலியகொட மீன் சந்தையில் இரவு வேலை.
ஏன் இரண்டு இடத்தில் ஒப்பமிட்டாய்?
“ஒரு இடத்தில சப்பாத்து தந்தாங்க.
மற்ற இடத்தில படுக்க இடம்.”
யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.
அவருக்கு ஒரு வருடத் தடை.
நமக்கு அரையிறுதி.

அரையிறுதியை எல்லோரும் பார்த்தீர்கள்.
ஏழு வாங்கினோம்.
எண்பத்தெட்டாம் நிமிடம், கோர்னர் உதை
துவான் ஜுனைத்தின் முதுகில் பட்டு
உள்ளே போனது.
முதுகால்!
கிண்ணமே கிடைத்த மாதிரி
நம் ஆட்கள் கொடிக்கம்பு வரை ஓடினார்கள்;
ஏழு அடித்தவர்கள் இடுப்பில் கைவைத்து
யார் வென்றது என்று குழம்பி நின்றார்கள்.
திரும்பி வரும்போது வானுக்குள் துள்ளியதில்
கிழிந்த இருக்கைக்கு ஆயிரத்து இருநூறு.
அந்தச் செலவை மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆட்சேபனைப் பணம் திரும்பி வந்துவிட்டது,
என் பெயருக்கு. உறை இதோ.
இன்னும் பிரிக்கவில்லை.
என்ன செய்வது என்று சபையைக் கேட்கிறேன்.
தேநீர் ஆறுகிறது என்கிறீர்கள்.

கடைசியாக ஒரு வரவு.
வியாழன் மாலை கடைக்கு ஒருவர் வந்தார்,
முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.
நம் உறுப்புரிமைப் படிவம் ஒன்று கேட்டார். ஐம்பது ரூபா.
தடை அடுத்த ஆவணி வரை என்றேன்.
தெரியும் என்றார்.
நூறு ரூபாத் தாளை வைத்துவிட்டு
பஸ் எடுக்கப்போகிறதென்று
மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவால்
இடம் வலமாக வெட்டி ஓடினார்.
அந்த ஓட்டத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

மிச்சம் ஐம்பது.
கொடுக்க வேண்டியவை என்ற பக்கத்தில்
முதலாவதாக எழுதியிருக்கிறேன்.